குருடன் வேஷம் கட்டிய மிக்கேல் மாமா

இன்று காலை நான் சடை பின்னிக்கொண்டிருந்தபோது கோயிலில் துக்கமணி அடித்தது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் பாறைகளுக்கிடையே மிக்கேல் மாமா இறந்து கிடந்தார் என்றார்கள். சாயங்காலத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. கண் தெரிந்த மனுஷன் தவறி விழுவாரா, தானே குதித்திருப்பார் என்கிறார்கள். அப்படியானால் நாளை அடக்கத்துக்கு உடலைக் கோயிலுக்குள் கொண்டுபோக விடுவார்களா என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நம் ஊர் வாசாப்பு நாடகத்தில், ஆண்டவரின் விலாவில் ஈட்டியால் குத்தும் குருட்டுச் சேவகன் அவர்தான். முட்டை ஓட்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தோலை இமைமேல் ஒட்டிக்கொண்டு வருவார். இரத்தம் பட்டதும் அதை உரித்தெறிந்து, "கண்டேன்" என்று பாடுவார். சின்ன வயதில் அந்த இடம் வந்தால் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

போன தவக்காலத்தில் நானும் பின்பாட்டில் சேர்ந்தேன். ஒத்திகையில் ஒருநாள் கரண்டு போனது. எல்லோரும் தட்டுத்தடுமாறி முற்றத்துக்குப் போய்விட்டார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா மட்டும் தடங்கலில்லாமல் நடந்துபோய் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்குள் கரண்டு வந்து டியூப் லைட் எரியத் தொடங்கியிருந்தது. அந்த வெளிச்சத்தில், என் முகத்துக்கு நேரே திரியை நீட்டிக்கொண்டு கேட்டார்.

"இன்னும் கரண்டு வரலியா மக்கா?"

"லைட்டு எரியுதே மாமா" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பார்வை போய் இரண்டு வருஷமாயிற்று என்றார். "நெசக் குருடன்னு தெரிஞ்சா எனக்கு குருடன் வேஷம் தரமாட்டானுவ. சொல்லிராத." மாதா மேல் சத்தியம் வாங்கினார்.

நாடகம் பழக்கும் அண்ணாவியாருக்கு மாமாவின் நடை பிடிக்கவில்லை. "பொண்ணு பாக்கப் போற மாதிரியில்லா நடக்கீரு. குருடன் ஓய், கைய நீட்டித் தடவும்" என்பார். மாமா சிரித்துக்கொண்டே தடவக் கற்றுக்கொண்டார். பார்வை வந்ததாக நடிப்பதுதான் அவருக்குக் கஷ்டம். எந்தப் பக்கம் பார்ப்பது? நான் காலைத் தட்டினால் கொலுசுச் சத்தத்துக்கு முகம் திருப்புவது என்று பேசிவைத்தோம்.

நாடகத்தன்று பயத்தில் என் கால் அசையவில்லை. மாமா தோலை உரித்தார். மெல்லத் திரும்பினார். என் கண்ணுக்குள்ளேயே பார்த்து, "கண்டேன்" என்று பாடினார். கூட்டம் அழுதது. எப்படி மாமா என்று பிறகு கேட்டேன்.

"நீ மூச்சப் புடிச்சிட்டு நின்னது கேட்டுச்சு."

தினமும் விடியுமுன் தூண்டில் வளைவில் நடப்பார். அங்குள்ள ஒவ்வொரு கல்லும் அவர் காலுக்குத் தெரியும். நேற்று மத்தியானம் லாரிகள் வந்து அங்கே புதுக்கல் கொட்டிவிட்டுப் போயின. கண் தெரிந்தவரிடம் அதை யார் போய்ச் சொல்வார்கள்? அவருக்குக் கண் தெரியாது என்று அறிந்த நானும் சொல்லவில்லை.

அவர் குதிக்கவில்லை. விடிந்ததும் இந்தத் தாளைச் சாமியார் வீட்டுக் கதவுக்கடியில் தள்ளிவிடுவேன். அவர் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். சத்தியத்தை மீறியது நான்தான்.

அன்று அவர் உரித்தெறிந்த முட்டைத்தோல் என் ஞானோபதேசப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதை யாருக்கும் தரமாட்டேன். யாரும் விழித்துவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவருக்குக் கேட்டிருக்கும்.