ஆரஞ்சுச் சாற்றில் மீன் எண்ணெய்

என் மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டின் மின்விசிறியைக் கழற்றித் துடைத்தேன். மறுநாளும் துடைத்தேன்.

எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் பாதி வளர்ந்து நின்றுவிட்டன என்றார் டாக்டரம்மா. கொழுப்பில் கரையும் ஒரு சின்னஞ்சிறு பொருள்தான் அணுவுக்குள் போய் வளரச் சொல்லுமாம். இவளுக்கு அந்தச் சேதி எடுபடவில்லை. அதே பொருளை மாத்திரையாக நிறையக் கொடுத்தால் அணுக்கள் முதிர்ந்துவிடுமாம். “வைட்டமின் ஏ-வுக்குச் சொந்தம்தான் அண்ணே இந்த மருந்து,” என்றார். அதன்பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. என் புத்தி அப்படி.

சொந்தக்காரனே இவ்வளவு செய்தால் வைட்டமின் எவ்வளவு செய்யும்! மருந்துக் கடையில் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை வாங்கினேன். ஆனால் அவள் தைப்பூச விரதத்தில் இருந்தாள், முட்டைகூடத் தொடமாட்டாள். தினமும் காலையில் நான்கு மாத்திரைகளை ஊசியால் குத்தி ஆரஞ்சுச் சாற்றில் பிழிந்தேன்.

“ஒரு மாதிரி வாடை வருதுங்க.”

“சீனப் பெருநாள் ஆரஞ்சு லா, அப்படித்தான்.”

இரண்டாவது வாரம் தலைவலி வந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக் கசிவு இல்லை.

“வேற ஏதாச்சும் சாப்பிட்டீங்களா அக்கா?”

“இல்ல டாக்டர். விரதம், சைவம்தான்.”

“அப்போ மருந்துதான் ஒத்துக்கல போல. வேற வழி பார்க்கணும்.”

அவளைக் காப்பாற்ற வந்த மருந்து அதுதான். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டித் தீர்த்தார். இரண்டும் ஒரே குடும்பம், சேர்ந்தால் தலைக்குள் அழுத்தம் ஏறும், அன்றைக்கே சொன்னேனே என்றார். சில நாள் நிறுத்திவிட்டு மருந்தை மறுபடி தொடங்கலாம் என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

“விரதத்த நான்தான் கெடுத்தேன். முருகன்கிட்ட நானே மன்னிப்புக் கேட்டுக்கிறேன்,” என்றேன் அவளிடம்.

“முருகன் இருக்கட்டுங்க. என் உடம்புக்குள்ள எனக்குத் தெரியாம ஒண்ணு நடந்துச்சு, அது நோய். நீங்களும் அதையேதான் செஞ்சீங்க.”

இப்போது ஆரஞ்சை அவளே பிழிகிறாள். நான் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.