கூடாரம் பிரிக்க ஒரு குற்றம்

மில்ஃபோர்க் ஊரில் ஆர்வில் நார்க்விஸ்டைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றைத்தான்: அந்த மனிதர் வாழ்நாளில் ஓர் அபராதச் சீட்டுகூட வாங்கியதில்லை. வண்டியை வேகமாக ஓட்டியதற்கு இல்லை, வால் விளக்கு எரியாததற்கு இல்லை, ஆற்றில் ஒரு மீன் கூடுதலாகப் பிடித்ததற்கும் இல்லை. மொன்டானா மலைப்பக்கத்தில் இது சாதாரண விஷயமல்ல. அந்த ஊர்ப் பாதிரியாரே இரண்டு முறை மாட்டியவர்.

ஆர்வில் மரம் வெட்டுகிறவரின் மகன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பிறருடைய கோவேறு கழுதைகளுக்குப் பொதி கட்டும் வேலைக்குப் போனார். நாற்பது வயதாகும்போது அவருக்கென்று ஒன்பது கழுதைகளும், அவற்றுக்கு முன்னால் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு நடக்க ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையும் சேர்ந்திருந்தன. குதிரையின் பெயர் பெர்த்தா. அது எங்கே போனாலும் ஒன்பது கழுதைகளும் பின்னாலேயே போகும். இலையுதிர் காலத்தில் எல்க் மான் வேட்டைக்கு வருகிற நகரத்துக்காரர்களை மலை உச்சிப் புல்வெளிக்கு ஏற்றி, கூடாரத்தில் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, பத்திரமாக இறக்கிவிடுவது தொழில். கழுதை அவருடையது. கூடாரம் அவருடையது. இரும்பு அடுப்பும் கட்டிலும் அவருடையவை. மலை மட்டும் மத்திய அரசுடையது. அங்கே தொழில் நடத்த வன அலுவலகம் தரும் ஒரு பர்மிட் உண்டு. கல்யாணத்தன்று கொடுத்த வாக்கில் பாதியை மறந்த மனிதர் பர்மிட்டில் ஒரு வரியைக்கூட மறக்கவில்லை என்று அவருடைய மனைவி வெல்மா சொல்வாள்.

அந்த வருடம் செப்டம்பரிலேயே கூடாரங்களைப் போட்டுவிட்டு, முதல் கோஷ்டிக்காகக் கீழே வந்து காத்திருந்தார். அக்டோபர் முதல் தேதி வாஷிங்டனில் வரவு செலவுத் திட்டம் நிறைவேறாததால், செலவுக்குப் பணம் இல்லையென்று அரசாங்கத்தை மூடிவிட்டார்கள். மில்ஃபோர்க்கில் இருந்த வன அலுவலகமும் பூட்டிக்கொண்டது. பர்மிட் கொடுக்கும் அதிகாரி பால்மரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காவல் வேலை பார்க்கும் ரேஞ்சர் டெஸ் ஹாலிடே மட்டும் சம்பளம் இல்லாமல் வேலையில் இருந்தாள். காடு தீப்பற்றக்கூடாது, யாரும் திருடக்கூடாது. அதனால் காவலுக்கு மட்டும் விடுமுறை இல்லை.

டெஸ்தான் வந்து தகவல் சொன்னாள். பர்மிட் எல்லாம் தற்காலிகமாக நிறுத்தம். அலுவலகம் திறக்கும்வரை ஆர்வில் ஆள் ஏற்றக்கூடாது, கூடாரத்தில் தொழில் சம்பந்தமாக எதுவும் செய்யக்கூடாது. மீறினால் பர்மிட் போய்விடும். அதற்காகப் பின்னால் வரிசையில் பலர் நிற்பதால், போனால் திரும்பி வராது.

"அப்போ காட்டை மூடிட்டீங்களா?" என்று ஆர்வில் கேட்டார்.

"காடு திறந்துதான் இருக்கு. யார் வேணா போலாம்."

"நான்?"

"நீங்களும் போலாம், பொதுமக்களா. சுத்திப் பாருங்க, காத்து வாங்குங்க. ஆனா கூடாரத்தத் தொட்டீங்கன்னா நீங்க பர்மிட்காரர். பர்மிட்காரருக்குத் தடை."

"பர்மிட்டே இல்லாதவனுக்கு?"

"அவனுக்கு என்ன தடை?" என்றாள் டெஸ்.

ஆர்வில் பால்மருக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தார். பால்மரின் பதிவு செய்த குரல், நிதி ஒதுக்கீடு இல்லாததால் தான் இருக்கையில் இல்லை என்று மரியாதையாகச் சொன்னது. மறுநாளும் அதையே அதே மரியாதையோடு சொன்னது. முன்பணம் கட்டியிருந்த பல் டாக்டர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஆர்வில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் ஊரில் இரண்டு குதிரைகளை வாடகைக்கு எடுத்து, பொதுமக்களாக மேலே போய், ஆர்வில் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே தங்கி, ஒரு பெரிய மானைச் சுட்டுக்கொண்டு இறங்கி வந்தார்கள். வந்தவர்கள் நன்றி சொன்னதோடு, மேலே பனி விழ ஆரம்பித்துவிட்டது, கூரை தொய்கிறது என்றும் சொல்லிப் போனார்கள்.

ஆர்வில் அன்றைக்கே பெர்த்தாமேல் ஏறிப் போய்ப் பார்த்தார். ஈரப்பனி கித்தான்மேல் கனத்துக் கிடந்தது. நடுக்கம்பு வளைந்திருந்தது. விளக்குமாற்றால் நான்கு தட்டு தட்டினால் போதும், பாரம் இறங்கிவிடும். ஆர்வில் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தன் கூடாரத்தை ஒரு சுற்று சுற்றினார். நடுவில் ஒருமுறை வலது கை தானாக வெளியே வந்தது. உள்ளே திணித்துக்கொண்டார். பிறகு இறங்கி வந்துவிட்டார்.

வெல்மாவுக்கு இதைக் கேட்டபோது வந்த கோபம் வாஷிங்டன் மேல் அல்ல.

"யாருமே இல்லாத மலையில கைய பையில வெச்சிக்கிட்டு நின்னியா?"

"பெர்த்தா இருந்தது."

சனிக்கிழமை பெரிய பனிப்புயல் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. அது வந்தால் மேலே போகிற கணவாய் ஜூன் வரை மூடிவிடும். எட்டு மாதப் பனிக்கு அடியில் கூடாரங்கள் நைந்து கந்தலாகிவிடும். புதிதாக வாங்க வழியில்லை. வேட்டைக்காரர்களைத் தங்கவைக்கக் கூடாரம் இல்லாவிட்டால் அவருக்குத் தொழிலும் இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை, மாதக் கடைசிக்குள் எல்லாவற்றையும் பிரித்து இறக்கவேண்டும் என்று அதே பர்மிட்டில் ஒரு நிபந்தனை இருந்தது.

மறுநாள் காலை, தோசைக்கல்லில் பான்கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே வெல்மா கேட்டாள்: "பர்மிட்ட நிறுத்தி வெச்சிட்டாங்க இல்ல? அப்ப அந்தக் கூடாரம் இப்ப எந்த பர்மிட்ல நிக்குது?"

பர்மிட்டின் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக ஆர்வில் மனதில் ஓடின. கூடாரம் எந்த பர்மிட்டிலும் நிற்கவில்லை. செல்லுபடியாகும் பர்மிட் இல்லாமல் காட்டில் கூடாரம் போட்டிருப்பது குற்றம். பிடித்தால் அபராதம், கூடவே, மூன்று நாளைக்குள் கூடாரத்தை அகற்று என்ற உத்தரவு.

"அனுமதி குடுக்கத்தான் ஆள் இல்ல," என்றாள் வெல்மா. "தண்டனை குடுக்க ஆள் இருக்கே."

அந்த ஒரு பான்கேக்கைச் சாப்பிட்டு முடிக்க ஆர்விலுக்கு வெகுநேரம் ஆயிற்று.

டெஸ்ஸின் வண்டி ஆற்றுப்பாலத்தருகே நின்றிருந்தது. ஆர்வில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைத் தட்டினார்.

"ஒரு புகார் குடுக்க வந்திருக்கேன்."

"யார் மேல?"

"என் மேல."

அகற்றும் உத்தரவு கையில் இருந்தால் கூடாரத்தைத் தொடலாம் என்ற விஷயத்தைக் கேட்டு முடித்ததும் டெஸ் முதலில் மறுத்தாள். இது பதிவில் ஏறும், அழிக்க முடியாது. பர்மிட்டைப் புதுப்பிக்கும்போது ஒரு கரும்புள்ளியாக நிற்கும் என்றாள். "நாலு மாவட்டத்துல உங்க கோப்புல மட்டுந்தான் ஒண்ணுமே கிடையாது, ஆர்வில். பயிற்சிக்கு வர்றவங்களுக்கு அதத்தான் எடுத்துக் காட்டுவோம்."

"இனிமே வேற யாரையாவது காட்டுங்க," என்றார் ஆர்வில்.

அவள் சீட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்வில் பொறுக்கமாட்டாமல், அது நெருப்பு சம்பந்தப்பட்ட பிரிவு, கூடாரத்துக்கு வேறு பிரிவு என்று திருத்தினார். அகற்றும் உத்தரவைத் தனி வரியில் எழுதினால் நல்லது என்றும் சொன்னார்.

"குத்தவாளி சொல்லச் சொல்ல நான் எழுதறது இதுதான் முதல் தடவை," என்றாள் டெஸ்.

செய்தி அவருக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. சாலையில் பார்த்த பாதிரியார் கையைப் பிடித்துக் குலுக்கி, தங்கள் கூட்டத்தில் சேர்ந்ததற்கு வாழ்த்துச் சொன்னார். ஆர்வில் அதை ரசிக்கவில்லை.

வியாழக்கிழமை விடியும்போது பெர்த்தா மணியோசையோடு முன்னால் நடக்க, ஒன்பது கழுதைகளும் வெறும் முதுகோடு மலை ஏறின. உத்தரவு சரியாக நிறைவேறுகிறதா என்று பார்க்க டெஸ்ஸும் கூட வந்தாள். முதலில் கைகட்டி நின்றுதான் பார்த்தாள். ஆர்வில் உறைந்த முளைக்குச்சியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்ததும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளே பிடுங்கத் தொடங்கினாள். ஒரு கம்பு முறிந்திருந்தது, கித்தான் தப்பித்திருந்தது. ஆர்வில் ஒவ்வொரு பொதியையும் கையால் தூக்கி நிதானித்து, கழுதையின் இரு பக்கமும் பாரம் ஒன்றுபோல வரும்வரை மாற்றி மாற்றிக் கட்டினார். டெஸ் அவசரப்படுத்தியபோதும் ஒரு முடிச்சைக்கூட வேகமாகப் போடவில்லை. கணவாயைத் தாண்டி இறங்கும்போது பின்னால் மலை தெரியவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. புயல் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது.

அரசாங்கம் திறந்த அன்று காலை, அலுவலக வாசலில் முதல் ஆளாக ஆர்வில் நின்றார். வெல்மா வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். பால்மர் நல்ல மனிதர். நடந்ததைக் கேட்டு வெட்கப்பட்டிருந்தார். அபராதச் சீட்டைக் கையில் எடுத்து, இப்படி ஒரு மனிதருக்கு இப்படி ஓர் அவமானம் நேர்ந்திருக்கக்கூடாது, இதை நானே ரத்து செய்கிறேன் என்று பேனாவைத் திறந்தார்.

ஆர்வில் எட்டிப் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"ரத்து பண்ணாதீங்க. பண்ணினா குத்தம் நடக்கலன்னு ஆயிடும். குத்தம் இல்லன்னா அகற்றச் சொன்ன உத்தரவும் இல்ல. உத்தரவு இல்லாம நான் கூடாரத்தத் தொட்டிருந்தா, அது தடை மீறல். என் பர்மிட் போயிடும்."

பால்மர் அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் ஓட்டினார். பிறகு பேனாவை மூடிவிட்டு முத்திரையை எடுத்தார். ஆர்வில் அபராதத்தைக் கட்டி, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன ஆச்சு?" என்றாள் வெல்மா.

"தப்பிச்சோம். குத்தவாளின்னு உறுதி பண்ணிட்டாங்க."

"நல்லவேளை," என்று வெல்மா வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். "ஏறு. நிரபராதின்னு சொல்லியிருந்தா நாம தெருவுலதான் நின்னிருக்கணும்."