பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் சுடுதண்ணீர்

என் கணவருக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. குளித்துவிட்டு வெளியே வந்ததும் ஹீட்டர் சுவிட்சை நிறுத்திவிடுவார். கொழும்பில் வாடகைக்கு இருந்த காலத்தில் வீட்டுக்காரர் பழக்கிவிட்டது. நிறுத்தாமல் விட்டால் ஹீட்டர் வெடிக்கும் என்று அந்த மனிதர் சொன்னதை இவர் வேதவாக்காக எடுத்து, நியூசிலாந்தின் ஓக்லாந்து வரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் நாங்கள் எடுத்த வீட்டில் குளியலறைக்குள் ஹீட்டர் இல்லை. நடைக்கூடத்து அலுமாரிக்குள் என் நெஞ்சுயரத்துக்கு ஒரு சிலிண்டர் நின்றது. வீட்டுச் சுடுதண்ணீர் முழுக்க அதிலிருந்துதான். பக்கத்தில் சுவிட்ச். கண்டால் சும்மா விடுவாரா? காலையில் எழுந்து போடுவார், அரை மணித்தியாலம் பொறுத்துக் குளிப்பார், நான் குளித்து முடித்ததும் நிறுத்துவார். நாங்கள் வந்து சேர்ந்தது கோடைகாலம். வெதுவெதுப்பே போதுமாக இருந்தது. குளிர் தொடங்கிய பிறகும், இந்த ஊர்ச் சுடுதண்ணீர் இவ்வளவுதான் போலும் என்று நம்பினேன். வயிற்றில் பிள்ளையோடு அந்த அரைச்சூட்டில் நடுங்கி நடுங்கிக் குளித்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வரும். பாதி அவர் மேல், பாதி என் மேல்.

ஜூலையில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் ஷவரில் நின்று குளிக்கச் சொன்னார்கள். வீட்டில் போய்க் குளிக்கிறேன் என்று பிடிவாதமாக மறுத்துவிட்டேன். பிள்ளை பெற்றவளுக்கு நல்ல சூட்டில் முதுகிலும் இடுப்பிலும் தண்ணீர் வார்க்க வேண்டும், குளிக்காமல் வீட்டுக் கட்டிலில் ஏறக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வார்த்திருக்க வேண்டியவர் அம்மா. அவருக்கு விசா கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில், "முதல் குளிப்பில அசட்டையா இருந்திடாதை பிள்ளை. பிறகு காலம் முழுக்க இடுப்பு நோகும்" என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். நேரே போய்க் குழாயைத் திறந்தேன். ஐஸ் தண்ணீர்.

"சுவிட்ச் போடேல்லையோ?"

"வீட்டில ஆளில்லையெண்டு அண்டைக்கே நிப்பாட்டிப்போட்டுத்தானே வந்தனான்" என்றார் கணவர், ஏதோ சாதித்துவிட்டவர் மாதிரி.

திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. வியர்வையும் இரத்த வாடையும் பால் வாடையுமாக, கட்டிலிலும் ஏறாமல், நடைக்கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேத்திலை வைத்தார். ஒரு கேத்தில் தண்ணீர் எந்த மூலைக்கு? பெரிய பானை கேட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

அங்கே மதுரைப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். வேலிக்கு மேலால் சிரித்ததைத் தவிர அவரோடு பழக்கமில்லை. பானையோடு அவரே வந்தார். விசயத்தைக் கேட்டதும் அலுமாரியைத் திறந்து பார்த்தார்.

"இதை யாருங்க ஆஃப் பண்ணது?"

கணவர் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"தம்பி, இது எப்பவும் ஆன்லயே இருக்கணும். சூடானதும் தானா நின்னுக்கும். வெடிக்கல்லாம் செய்யாது. இப்பப் போட்டா சாயங்காலத்துக்கு மேலதான் சூடாகும்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுவரைக்கும் இந்தப் பொண்ணு இப்படியே நிக்கவா? எங்க வீட்டுல வந்து குளிம்மா."

நான் தலையாட்டி மறுத்தேன். பிள்ளை பிறந்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. ஊரில் என்றால் சொந்தச் சித்தி வீட்டுப் படிகூட ஏறியிருக்க மாட்டேன். அந்த அக்கா வீட்டில் தினமும் பூசை நடப்பது சாம்பிராணி வாசத்திலேயே தெரியும்.

"அக்கா, எனக்குத் துடக்கு."

"தீட்டுதானே? தெரியாமலா கூப்பிடுறேன்? சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வா."

பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போனேன். அக்காவின் குளியலறையில் ஷவர் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. வாளியில் ஆவி பறக்கத் தண்ணீர் பிடித்து, கையை விட்டுப் பதம் பார்த்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் என்னை உட்காரவைத்தார். ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, செம்பு செம்பாக இடுப்பில் வார்த்தார். இறுகிக் கிடந்த உடம்பு இளகியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய்விட்டே அழுதேன். அவர் அடுத்த வாளி நிரம்பும் வரை என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கைக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? இன்றுவரை தெரியவில்லை.

நான்காவது வாளி முடிந்ததும், "போதுமாம்மா?" என்று கேட்டார்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு யாரிடமும் எதுவும் கேட்டதில்லை நான்.

"இன்னும் ஒரு வாளி ஊத்துங்கோ அக்கா" என்றேன்.