பெற்றீசியாவின் மகள் சம்மனசு இல்லை

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் பெற்றீசியா திட்டுவாள். நம் புருவத்தின் மேல் குனிந்திருப்பாள். விரல்களுக்கிடையில் நூல் விரிந்தும் சுருங்கியும் முடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். பல்லிடுக்கால் வரும் வசவு நமக்கில்லை. மூலையில் நின்று துவாய் மடிக்கும் மகள் அனற்றுக்கு. "ஏன்டி, மடிக்கச் சொன்னா மூஞ்சியத் தொடச்சிக்கிட்டா நிக்கிற. நான் பார்க்கலன்னு நெனச்சியா." பார்க்கவில்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம். எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி என்பது அவளுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

அவளுடைய பார்லர் கட்டுகஸ்தோட்டையில், கலகெதர பஸ்கள் ஆள் ஏற்றும் இடத்துக்கு எதிரே, ஒரு பாத்திரக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. இரண்டு சுழல் கதிரை, காத்திருப்பவர்களுக்கு ஒரு வாங்கு, மாதா படம், அதன் கீழே கூந்தல் எண்ணெய் போத்தல்கள். ஊரார் தலையை எல்லாம் ஒழுங்குபடுத்துகிறவள் தன் தலையை மட்டும் ஒரு றப்பர் வளையத்தில் சுருட்டி விட்டிருப்பாள். தேத்தண்ணி ஆறிப்போன பிறகுதான் குடிப்பாள். கல்யாணப் பெண்ணாக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். "இந்தக் கலர் ஒங்களுக்கு வேணாம். போட்டோல பூசணிக்கா மாதிரி வரும்." அந்தப் பெண் அழப்போகிறாள் என்று நாம் பயந்துகொண்டிருக்கும்போதே அவள் வேறு கலரைப் பூசி முடித்திருப்பாள். அறுபதை நெருங்குகிறவளுக்குப் புருவம் எதற்கு என்று என் வீட்டில் கேட்பார்கள். புருவத்துக்காக மட்டும் நான் அங்கே போகவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

அனற்றுக்குப் பதின்மூன்று வயது. டவுன் சின்ட்ரோமோடு பிறந்த பிள்ளை. சொல்ல வந்தது நாக்கில் கொஞ்சம் தங்கித்தான் வெளியே வரும். பழகியவர்களுக்கு விளங்கும், பழகாதவர்கள் உடனே அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். பெற்றீசியா எடுத்துச் சொல்ல மாட்டாள். "அவகிட்டயே திருப்பிக் கேளுங்க" என்பாள்.

நான் முதல் தடவை போன அன்று ஒரு நகப்பூச்சுக் குப்பி காணாமல் போயிருந்தது. "நான் இல்ல" என்று அனற் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கையை நீட்டச் சொன்னாள் தாய். நகமெல்லாம் சிவப்பு, இன்னும் காயவில்லை. "பொய்க்காரி. கள்ளி. இன்னைக்கு டீவி கெடையாது, போ." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படிப்பட்ட பிள்ளையை நாலு பேர் முன்னால் இப்படியா என்று கேட்டுவிட்டேன். பெற்றீசியா நூலை வாயிலிருந்து எடுத்தாள். "இப்படிப்பட்ட புள்ளைன்னா, எப்படிப்பட்ட புள்ள அக்கா?" என்றாள். 

எங்கள் கோவில் பங்கில் இந்தப் பிள்ளையைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. பிறந்த புதிதில் பெற்றீசியாவின் கணவர் றெஜினோல்டின் சித்தி ஒருத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நின்று, இது யார் செய்த பாவமோ என்று கண்ணைத் துடைத்தாளாம். "யார் யார் என்னென்ன செஞ்சோம்னு சொல்லிப் பார்ப்போமா சித்தி, ஒங்கள்ல இருந்தே தொடங்குவோம்" என்றாளாம் பச்சை உடம்புக்காரி. அந்தச் சித்தி அதன் பிறகு கிறிஸ்மஸுக்குக்கூட இந்தப் பக்கம் வந்ததில்லை. ஜெபக்கூட்டத்துப் பெண்கள், ஆண்டவர் உன் தோளில் வைத்த சிலுவை என்றார்கள். "சிலுவைய நீங்க குளிப்பாட்டி, அதுக்குச் சோறு ஊட்டிப் பார்த்திருக்கீங்களா" என்று சிரித்தாள். இந்த இரண்டையும் அவளால் சிரித்துத் தள்ள முடியும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, எல்லாவற்றிலும் இனிப்பானது. பாவமே அறியாத சம்மனசு, வானத்திலிருந்து வழிதவறி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்பார்கள். சம்மனசு என்றால் எங்களுக்குத் தேவதூதர். கம்பளை ரயில் நிலையத்தில் வேலை செய்யும், யாரிடமும் குரல் உயர்த்தத் தெரியாத றெஜினோல்டும் அதையேதான் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் பெற்றீசியாவின் முகம் இறுகிப்போகும்.

ஒருநாள் தெல்தெனியவிலிருந்து ஒருத்தி, காய்ச்சல் விட்டுவிட்டு வரும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். பாவம் படாத கை, ஒரு தடவை குழந்தையின் தலையில் வைக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். அனற்றுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கையைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். பெற்றீசியா குறுக்கே நின்றாள். "இந்தக் கையில வரம் ஒண்ணும் இல்லம்மா. இப்பத்தான் ஒங்க பையில இருந்து டொஃபி எடுத்துச்சு. கீழ ஆட்டோ நிக்குது, புள்ளைய டொக்டர்கிட்ட கொண்டு போங்க." அந்தப் பெண் திகைத்துப்போய்ப் பையைத் திறந்து பார்த்தாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. கையை வைத்தால் என்ன குறைந்துவிடும் என்றேன். "நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா, இவ கையத்தானே சொல்லுவாங்க" என்றாள்.

இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆக்கியது போன வருஷம் அவள் செய்த காரியம். எங்கள் பிள்ளைகள் முதலில் குருவானவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான், முதல் நன்மை என்கிற நற்கருணையை வாங்கும். பங்குத் தந்தை மரியநாயகம் இரக்க சுபாவம் உள்ளவர். பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது, "அனற்றுக்குப் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை. பாவம் என்றால் என்னவென்றே தெரியாத ஆத்துமா. நேரடியாக நன்மை வாங்கட்டும்" என்று சொன்னார். பக்கத்தில் நின்ற பெண்களுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றீசியா சொன்னாள்: "வேணாம் ஃபாதர். மத்தப் புள்ளைங்க எல்லாம் முன்வாசலால போகுதுங்க. எம் புள்ளைக்கு மட்டும் ஏன் பின்வாசல்? அவகிட்டயும் பாவசங்கீர்த்தனம் கேட்டுட்டுக் குடுங்க. இல்லாட்டி இருக்கட்டும்."

ஃபாதர் இசையவில்லை, இவளும் இருக்கட்டும் என்று விட்டேவிட்டாள். நற்கருணையை வேண்டாம் என்ற தாயை நாங்கள் யாரும் அதுவரை கண்டதில்லை. அந்த ஞாயிறு வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் வரிசையாகப் போனபோது, அனற் சாதாரணக் கவுனோடு வாங்கில் உட்கார்ந்து, "எனக்கும், எனக்கும்" என்று சத்தமாக அழுதாள். றெஜினோல்ட் பாதிப் பூசையில் எழுந்து வெளியே போய்விட்டார். பெற்றீசியா பீடத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.  இவளுக்கு நெஞ்சில் இருப்பது ஈரமா கல்லா என்று நினைத்தேன். அதன் பிறகு கொஞ்ச காலம் நான் பார்லர் பக்கம் போகவில்லை. புருவம் காடாகி, கண்ணாடி பார்க்கப் பிடிக்காமல் போனபோது, ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மறுபடி படியேறினேன்.

இந்தத் தவக்காலத்தில்தான் அது நடந்தது. நான் ஒரு கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், பெற்றீசியா கண்ணாடிப் பக்கம் நிமிராமல் என் புருவத்தில் இருந்தாள். அடுத்த கதிரையில் கீழே பாத்திரக்கடை வைத்திருக்கும் ஹபீலின் மனைவி சகீனா, முகத்தில் பூச்சோடு சாய்ந்திருந்தாள். அவளுடைய மகள் றிப்தா எங்களுக்குப் பின்னால் வாங்கில் இருந்தாள். இடுப்புவரை தொங்கும் சடை அந்தப் பிள்ளைக்கு. மாமாவின் கல்யாணத்துக்குப் பூ வைத்துப் பின்னவேண்டும் என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. திடீரென்று ஓர் அலறல். கண்ணைத் திறந்தேன். றிப்தாவின் சடை கழுத்தோடு நின்றுபோயிருந்தது. பக்கத்தில் அனற் துவாய் மடித்துக்கொண்டிருந்தாள், மிகவும் ஒழுங்காக.

வெட்டிய சடையையும் காணவில்லை, கத்திரிக்கோலையும் காணவில்லை. பெற்றீசியா நேரே அழுக்குத் துவாய்க் கூடைக்குப் போய், அடியில் கையை விட்டு இரண்டையும் எடுத்தாள். றிபன் கட்டியபடியே இருந்தது சடை.  சகீனா மகளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அப்படியும் அந்த மனுஷி சொன்னதைப் பாருங்கள்: "விடுங்க பெற்றீசியா அக்கா. தெரியாமச் செஞ்சீக்கி. இது மலக்கு மாதிரிப் புள்ள." நாங்கள் சம்மனசு என்பதை அவர்கள் மலக்கு என்பார்கள்.

"தெரிஞ்சுதான் செஞ்சா சகீனா" என்றாள் பெற்றீசியா. "தெரியாமச் செஞ்சவ எதுக்கு ஒளிச்சு வைக்கிறா?"

பெற்ற மகளுக்கு எதிராகத் தாயே சாட்சி சொல்கிறாளே என்று எனக்குத் தோன்றியது. மன்னிப்புத் தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது, அதை எடுத்துத் திருப்பிக் கொடுக்கிறாள். அனற்றின் முன்னால் முழங்காலில் உட்கார்ந்து, ஏன் வெட்டினாய் என்று கேட்டாள்.  அனற் தன் நாக்கை நன்றாக வெளியே நீட்டிக் காட்டி, றிப்தாவின் பக்கம் விரலை நீட்டினாள். அழுதுகொண்டிருந்த றிப்தா சட்டென்று தரையைப் பார்த்தாள். எங்கள் கண் மூடியிருந்த நேரத்தில் அவள் அனற்றைப் பழித்துக் காட்டியிருக்கிறாள்.

"கோவம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"வெட்டினா அவ அழுவான்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வெட்டினியா?"

அனற் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றாள். பெற்றீசியா அவளை இழுத்துக் கட்டிப்பிடித்து உச்சியில் முத்தமிட்டாள். அடுத்த நிமிஷம் காதைப் பிடித்துத் திருகினாள். இரண்டையும் ஒருசேரப் பார்த்த எனக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. பிறகு றிப்தாவை உட்காரவைத்து, மிஞ்சியிருந்த முடியைத் தோளுக்கு மேலே அழகாக வெட்டிவிட்டாள். முடியும்வரை அனற் அருகில் நின்று கண்ணாடி பிடித்தாள். மன்னிப்பும் கேட்டாள். சகீனா சடையைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தச் சனிக்கிழமை மாலை கோவிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றிருந்தேன். பெற்றீசியா அனற்றைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள். மரியநாயகம் ஃபாதர் அவர்களைக் கண்டு பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வெளியே வந்தார். "போன வருஷமே சொன்னேனே அம்மா" என்றார்.

"போன வருஷம் ஒங்களுக்கு எடுத்துக் காட்ட என்கிட்ட பெருசா ஒண்ணும் இருக்கல ஃபாதர்" என்று சடை விஷயத்தைச் சொன்னாள். "முழு அறிவு வேணும், முழுச் சம்மதம் வேணும், அப்பத்தான் பெரிய பாவம்னு நீங்கதான் பிரசங்கத்துல சொன்னீங்க. இவளுக்கு முழுசா இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் இருந்துச்சு. அந்தக் கொஞ்சத்தக் கேளுங்க."

ஃபாதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அன்னைக்கு இருந்து இவ ஒழுங்கா சோறு திங்கல. கண்ணாடிப் பக்கம் வரமாட்டேங்குறா. நான் மன்னிச்சாச்சு, சகீனா மன்னிச்சாச்சு. இவளுக்கு அது போதல. எல்லாரும் சேர்ந்து சம்மனசுன்னு சொல்லிட்டா, இவள யாரு ஃபாதர் மன்னிக்கிறது?"

 எனக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பிள்ளையின் தலையைத் தடவி, கன்னத்தைக் கிள்ளி, சம்மனசு என்று கொஞ்சியிருக்கிறோம். அவளுக்குள் ஒரு குற்றம் கிடந்து உறுத்தும், அதை இறக்கிவைக்க அவளுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. ஃபாதரின் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது. அவர் தாயை விட்டுவிட்டு, முதல் தடவையாக மகளின் பக்கம் குனிந்தார்.

"அனற், என்கிட்ட சொல்ல உனக்கு ஏதாவது இருக்கா?"

அனற் தலையாட்டினாள். அவர் வழிவிட, தாயின் கையை உதறிவிட்டுத் தனியாக உள்ளே போனாள்.

நெடுநேரம் வரவில்லை. கிழவிகள் நாங்களே அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. பலகைத் தடுப்புக்கு அப்பால் அவளுடைய குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. பிறகு ஒரு விசும்பல். பிறகு ஃபாதரின் குரல், மற்ற எல்லோருக்கும் சொல்லும் அதே பாவமன்னிப்பு வாசகம். பெற்றீசியாவின் கழுத்து தன்னையறியாமல் அந்தப் பக்கம் நீண்டிருந்தது.

அனற் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தாய் பாய்ந்துபோய்த் தோளைப் பிடித்தாள். "சொன்னியாடி? றிப்தா முடியச் சொன்னியா?"

"சொல்ல மாட்டேன்."

"எங்கிட்டயா?"

"அது எனக்கும் சேசுவுக்கும்."

பெற்றீசியா வாயடைத்துப்போய் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். இந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டியவள், நகம் வெட்டியவள், பாதிச் சொல்லிலேயே மீதியைத் தெரிந்துகொள்கிறவள் அவள். பதின்மூன்று வருஷத்தில் மகளிடம் அவளுக்குத் தெரியாத ஒன்று இதுவரை இருந்ததில்லை. "வேற என்னடி சொன்ன" என்று கேட்டாள்.  அனற் ஃபாதர் கொடுத்த பரிகார ஜெபத்தைச் சொல்ல, பீடத்தை நோக்கி நடந்தாள்.

பெற்றீசியாவும் வழக்கம்போல் பின்னாலேயே போனாள். மகள் முழங்காலிட்டதும் கவுனின் கொலரைச் சரிசெய்து, பக்கத்தில் தானும் முழங்காலிட்டாள். அனற் திரும்பினாள். உள்ளங்கையை அம்மாவின் நெஞ்சில் வைத்து மெதுவாகத் தள்ளினாள். பிறகு கடைசி வாங்கை விரலால் காட்டினாள்.

பெற்றீசியா எழுந்தாள். மகள் காட்டிய அந்த வாங்கு வரைக்கும் நடந்துபோய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.