மருந்து என்று நான் சொல்லாத பொடி

என் கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை. நாளெல்லாம் நின்று நின்று ஐம்பது வயதுக்குள் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. குமணன்சாவடிக் கடையில் நான்தான் அந்த மூலிகைப் பொடியை வாங்கி வந்தேன். 'முழுக்க இயற்கை, பக்க விளைவு இல்லை' என்று டப்பாவில் போட்டிருந்தது. நான்கே நாளில் மனிதர் மாடிப்படி ஏறினார். சந்தோஷத்தில் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன்.

ஆறேழு மாதத்தில் என் கணவர் முகம் உப்பிப்போனது. "சதை போட்டுகினு ஜம்முனு கீறேன் பாரு" என்று கண்ணாடி முன் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒருமுறை கடை இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தது. பொடி தீர்ந்த சில நாளில், வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "ஏதாவது மருந்து சாப்பிடறாரா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க."

நான் பொய் சொல்லவில்லை. அதை மருந்தாகவே நினைத்ததில்லை. மாலையில் அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "லேகியம், பொடி, நாட்டு மருந்து?" என்று டாக்டரம்மா கேட்ட பிறகுதான் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. முகம் உப்பினது அதனாலதான். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா. இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே."

அவர் பிழைத்துக்கொண்டார். நான் புகார் எழுதிக்கொண்டு அலைந்தேன். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில், மருந்து கலந்திருந்தால் மருந்துத் துறைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "உணவுன்னு லைசென்ஸ் வாங்கியிருக்காங்க, அங்கேயே குடுங்க" என்றார்கள். மூன்றாவது நடையில் ஓர் அதிகாரி கடையிலிருந்து பொடியைச் சோதனைக்கு எடுக்க ஒத்துக்கொண்டார். சோதனையில் ஸ்டீராய்டு இருப்பது உறுதியாகிக் கடைக்குச் சீல் வைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குள் அதே பொடி வேறு பெயரில் வேறு கடைக்கு வந்திருந்தது.

அக்கா அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவரிடம் சொல்லியிருந்தேன். கேட்கவில்லை.

"இன்னாம்மா நீ? இத்த துன்னுதான் திருநின்றவூர்ல ரயிலேறி வேலைக்குப் போய்கினு கீறேன். இத்த நிறுத்திட்டா உன் டாக்டரு என்னை நடக்க வெப்பாரா?"

"நீங்களா நிறுத்தாதீங்கக்கா. டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். டப்பாவை எடுத்துக்கினு என்கூட வாங்க, போதும்."

சோதனை முடிவைக் காட்டிய பிறகுதான் வந்தார். அவருக்குச் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்து மெல்லமெல்லக் குறைத்தார்கள். பழைய வலி திரும்பியது. நெரிசலில் நின்று போக முடியாமல் வேலையை விட்டுவிட்டார்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு அவர் வருவதில்லை. என் கணவர், "நீ வேணும்னா பண்ணே?" என்கிறார். வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் அந்த டப்பாவை அக்கா கையில் கொடுத்தபோது, "தைரியமா சாப்பிடுங்கக்கா" என்று சொன்னது நான்.