குன்றிமணியும் கட்டிய கையும்

யுத்தம் தொடங்கிய வருஷம் ஐப்பசியில் என் அக்கா அல்லிநகரத்திலிருந்து எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "பிள்ளையின் இடது கையைக் கட்டிப் போடு" என்கிறது அது. என் ஆறு வயது மகள் செல்லத்துக்குப் பிறவியிலேயே வலது கை விரல்கள் சரியாக மடங்காது. அவை பழகட்டும் என்று, எங்கள் பக்கம் பலரும் செய்வதுபோல், குன்றிமணி போட்டுப் பல்லாங்குழி ஆட விட்டிருந்தேன். இடது கையும் உதவிக்கு வரும்.

கார்த்திகையில் அக்கா மார்க்கையன்கோட்டைக்கே வந்து, நான் வயலுக்குப் போயிருந்தபோது அந்த இடது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டார். நான் திரும்பியபோது பிள்ளை குழிக்குள் முகத்தைக் கவிழ்த்து வாயால் மணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் கண் முன்னே ஒன்றை விழுங்கியும் விட்டாள்.

"நொட்டாங்கைக்கு இடங் குடுத்தா சோத்தாங்கை எப்பிடிலே விளங்கும்?" என்றார் அக்கா.

"யாரு சொன்னாக? வெச வெதைய வாயால பொறுக்க விட்டுட்டுப் பேச்சு வேறயா?"

ஓடு கடிபடாமல் உள்ளே போயிருந்தால் விஷம் இறங்காது, பிழைப்பாள் என்றார் சின்னமனூர் டாக்டர். மறுநாள் மணி முழுசாக வெளியே வந்தது. அதற்குள் அக்கா ஊருக்கு வண்டி ஏறியிருந்தார்.

இப்போது புளியங்கொட்டைதான் போடுகிறேன். ஆட்டம் முடியும்வரை பக்கத்திலிருந்து எழுவதில்லை. அக்காவை வீட்டில் சேர்ப்பதுமில்லை.

செல்லத்தின் வலது விரல்கள் சற்று மடங்குகின்றன. அது பல்லாங்குழியாலா, வளர்ச்சியாலா என்பதை என்னால் இன்னும் உறுதி செய்ய முடியவில்லை. கட்டிப் போட்டதால் இல்லை.