ஒற்றுப் பார்த்தவள்

அம்மா போன அன்றைக்கு நான் அழவில்லை. மறுநாளும் அழவில்லை. மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபோது, வந்தவர்களுக்குக் காபி கொடுக்க டம்ளர் போதவில்லை என்று அலைந்தது நினைவிருக்கிறது. வேறொன்றும் நினைவில்லை. என் கதைகளில் இதுவரை பதினோரு பேரைச் சாகடித்திருக்கிறேன். ஒவ்வொரு சாவுக்கும் யாராவது ஒருத்தியை மாரடித்து அழ வைத்திருக்கிறேன். அதையெல்லாம் படித்துவிட்டுக் கண்ணீர் விட்டதாக எனக்குக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. சொந்த வீட்டில் சாவு விழுந்தபோது மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். "எழுதுறவுகளுக்கு எல்லாம் உள்ளுக்குள்ளயே ஓடும்" என்று பக்கத்து வீட்டம்மா எனக்காக வக்காலத்து வாங்கினார். உள்ளுக்குள்ளே ஒன்றும் ஓடவில்லை.

புதுக்கோட்டையில் எழுத்தாளர் வீடு என்றால் ஆட்டோக்காரர்கள் நேரே எங்கள் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். அப்பா சிறுகதைக்காரர். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, வெண்பாப் புலவர். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மூன்றாவது ஆள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பா அம்மாவோடு அதே வீட்டில் இருந்துவிட்டேன். பத்தொன்பது வயதில் என் முதல் கதை அச்சில் வந்தது. என் பெயருக்குக் கீழே 'இன்னாரின் மகள்' என்று அப்பா பெயரைப் போட்டிருந்தார்கள், அதுவும் என் பெயரைவிடப் பெரிய எழுத்தில். ஒரு வாரம் அந்த இதழைத் தொடவில்லை. அந்த வாலை வெட்டி எறிய எனக்கு முப்பது வருஷம் பிடித்தது. அன்னவாசல் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர் வேலை, போக வரப் பஸ்ஸில் யோசனை, விடியற்காலையில் எழுத்து. ஒன்பது புத்தகம் ஆயிற்று. இன்றைக்கும் மேடையில் யாராவது 'இன்னாரின் மகள்' என்று ஆரம்பித்தால் மைக்கைப் பிடுங்கிவிடலாமா என்று கை பரபரக்கும்.

அம்மா எழுதியதில்லை என்று சொல்ல முடியாது. அப்பாவின் கையெழுத்து வெறும் கோழிக் கிறுக்கல். அதைப் பிரதி எடுத்துத் தபாலில் சேர்ப்பது அம்மாதான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். பிரதி எடுக்கும்போதே ஒற்றுப் பார்த்துவிடுவாள். க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் எங்கள் மூன்று பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். பெரியப்பாவின் வெண்பாகூட அடுப்படிக்குப் போய்த்தான் திரும்பி வரும். நான் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். பென்சிலால் குறித்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். சில சமயம் ஓரத்தில் 'இவ இப்படிப் பேச மாட்டா' என்று எழுதியிருப்பாள். நான் எரிந்து விழுவேன். பிறகு சத்தமில்லாமல் மாற்றிவிடுவேன்.

என் நாலாவது புத்தகத்துக்கு நன்றியுரை எழுதிக்கொண்டிருந்தபோது, வெங்காயம் உரித்தபடியே கேட்டாள். "இத்தன பேரப் போடுறியே, எம்பேரு எதுலயாச்சும் வருமா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"அடுத்த புத்தகத்துல போடுறேம்மா" என்றேன்.

அடுத்ததில் அட்டைப்படம் வரைந்தவருக்கு ஒரு பத்தி நன்றி எழுதினேன். அவளை மறந்துவிட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

பத்தாம் நாள், கருமாதிப் பத்திரிகைக்கு அப்பா வாசகம் எழுத உட்கார்ந்தார். அவருக்கு எண்பத்து நாலு வயது. "ரெடிமேட் வாசகமே இருக்குங்கய்யா, பேர மட்டும் சொல்லுங்க, போதும்" என்று பிரஸ்காரர் போனில் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்ம வீட்டுக்கு ரெடிமேடா?" என்று ஒரு முழுத் தாள் எழுதி என்னிடம் நீட்டினார்.

"ஒத்துப் பாத்துரு."

அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பார்த்தேன். 'சிவலோக பதவி' என்று இருந்தது, ப் சேர்த்தேன். 'இல்லறத் துணை'யில் த் இருந்தது. வாட்ஸ்அப்பில் புரூஃப் வந்ததும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பாவும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு பிழை இல்லை. எனக்கு லேசாகத் திருப்திகூட வந்தது. அந்தப் பத்து நாளில் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினாலாம் நாள் பத்திரிகைக் கட்டுகள் வந்தன. அம்மாவின் தம்பி, என் மாமா, குன்றாண்டார்கோவில் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். அங்கிட்டு இருக்கும் சொந்தங்களுக்குக் கொடுப்பதற்காகப் பஸ் ஏறி வந்திருந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடியும் மேலே போனார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"மச்சான், எனக்குக் கண்ணு சரியாத் தெரியலங்க. எங்க அக்கா பேரு எந்த எடத்துல இருக்கு?"

நான் வாங்கிப் பார்த்தேன். அப்பா பெயர் மூன்று இடத்தில் இருந்தது. என் பெயர் இரண்டு இடத்தில், பட்டத்தோடு. பெரியப்பா பெயர்கூட ஓரிடத்தில் இருந்தது. நடுவில் 'எழுத்தாளரின் இல்லறத் துணையும் எழுத்தாளரின் தாயாருமாகிய அன்னார்' என்று இருந்தது. அவளுக்கு அந்த 'அன்னார்' மட்டும்தான்.

பிரஸ்ஸுக்குப் போன் போட்டேன். மறுபடி அச்சடித்துத் தர மூன்று நாள் ஆகும் என்றார்கள். கருமாதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கையாலேயே எழுதிவிடலாம் என்றேன். அப்பா பேனாவைத் திறந்தார். முதல் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மொத எழுத்துக்குக் கொம்பு உண்டாம்மா, கெடையாதா?"

அவள் பெயரை எங்கள் பக்கம் இரண்டு விதமாகவும் எழுதுவார்கள். எது அவளுடையது என்று எனக்கும் தெரியவில்லை. ஆதார் கார்டில் கொம்பு இருந்தது, ரேஷன் கார்டில் இல்லை. இரண்டும் யாரோ அடித்தவை. அவளே எழுதியது வேண்டும் என்று பீரோவைத் திறந்தேன். அப்பாவின் கதைகள், பெரியப்பாவின் வெண்பாக்கள், என்னுடைய ஆரம்பகாலக் கதைகள், எல்லாம் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் கட்டுக்கட்டாக இருந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் பெயர் எழுதியிருந்தாள். எங்கள் மூன்று பேரின் பெயர்கள். அரை மணி நேரம் புரட்டினேன். தன் பெயரை அவள் எழுதிய ஒரு தாள்கூட அதில் இல்லை.

மாமாவிடம் வந்து கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

"கொம்பு உண்டு ஆத்தா" என்றார். "பள்ளிக்கூடத்துல வாத்தியாரு கொம்பு இல்லாம எழுதிட்டாருன்னு சண்ட போட்டு மாத்துனவளாச்சே எங்க அக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?"

அப்பா குனிந்து எழுத ஆரம்பித்தார். கொம்பு கோணலாக வந்தது. நான் இன்னொரு கட்டைப் பிரித்தேன். நாற்பது, ஐம்பது என்று எழுதிக்கொண்டே போனேன். அப்போதும் அழுகை வரவில்லை. யாரோ ஒரு பெண்ணின் பெயரை எழுதுகிற மாதிரித்தான் இருந்தது. மாமா நாங்கள் எழுதியதை ஒவ்வொன்றாக வாங்கி, விரல் வைத்துப் படித்துவிட்டு அடுக்கினார். நடுவில் நான் எழுதிய ஒன்றை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"இதுல கொம்பு விட்டுப்போச்சு ஆத்தா."